இன்று கடலில் இறங்கலாமா? கொழும்புக் கரையோர நீரைக் கண்காணிப்பது பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

வெள்ளவத்தைக் கரை இரண்டு கால்வாய் வாய்களுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே, பம்பலப்பிட்டி எல்லையில், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிறது; தெற்கே தெகிவளைக் கால்வாய். மரைன் டிரைவையும் கரையோர ரயில் பாதையையும் தாண்டினால் வரும் ஒடுங்கிய மணற்பரப்பில்தான் இந்தப் பகுதி மக்கள் கடலில் இறங்குகிறார்கள். நகரின் வட அந்தத்தில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி மக்களுக்கு அருகிலுள்ள திறந்த கரை காக்கைத்தீவு. களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டியது அது. இரண்டு இடங்களிலும் கட்டணம் இல்லை, கதவும் இல்லை. நீச்சல் தடாகத்துக்கோ ஹோட்டல் கரைக்கோ போக வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் தண்ணீரோடு பழகுவது இங்கேதான். கரைவலை இழுப்பவரும் தூண்டில் போடுபவரும் நாளாந்தம் நனைவதும் இதே நீரில்தான்.

இந்த நீரைப் பற்றி இரு வகைக் கேள்விகள் கேட்கலாம். இக்கரையின் நீர் பொதுவாக எந்தத் தரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அது நிர்வாகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய கேள்வி. இன்று, இந்த இடத்தில், என் பிள்ளையை இறக்கலாமா என்பது மற்றது. அது குளிப்பவரின் கேள்வி. முதலாவதற்குக் கிடைக்கும் விடை இரண்டாவதற்கும் விடையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொழும்புக் கரையைப் பொறுத்தவரை அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே நீர் கெடுவது மழையையும் கால்வாய் வாயின் தூரத்தையும் பொறுத்தது. ஆகவே கண்காணிப்பும் மழையையும் இடத்தையும் அச்சாகக் கொண்டு அமைய வேண்டும். அதன் முடிவு அன்றைக்கே, கரையிலேயே, மூன்று மொழிகளிலும் மக்களைச் சேர வேண்டும். கோப்பில் தங்கிவிடும் அளவீடு, எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், ஒருவரையும் நோயிலிருந்து காப்பதில்லை.

2. கழிவு கரைக்கு வரும் வழிகள்

கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு 20ஆம் நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில், பிரித்தானிய ஆட்சியில் இடப்பட்டது. இன்றும் அதன் எலும்புக்கூடு அதுவே. வடபகுதிக் கழிவு மாதம்பிட்டிப் பம்பி நிலையத்தின் வழியாக முகத்துவாரக் கடலுக்கும், தென்பகுதிக் கழிவு வெள்ளவத்தைப் பம்பி நிலையத்தின் வழியாக வெள்ளவத்தைக் கடலுக்கும் போகும்படி அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரு இடங்களிலும் கடலடியில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் வெளியேற்றுக் குழாய்கள் உண்டு. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நெடுங்காலமாக இவற்றின் வழியே ஆழ்கடலில் கலந்துவந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2009இல் அங்கீகரித்த பெருங்கொழும்புக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம், பழுதடைந்த பம்பி நிலையங்களையும் அழுத்தக் குழாய்களையும் புதுப்பிக்கும் நோக்கத்துடன் வந்தது.

கடல் அசுத்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த வெளியேற்றுக் குழாய்களே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. கரையில் நிற்பவரின் உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. நீண்ட வெளியேற்றுக் குழாயின் பொறியியல் நியாயமே கழிவைக் கரையிலிருந்து விலக்கி, ஆழமான நீரில் நீர்த்துப்போகச் செய்வதுதான். கடலின் மற்ற உயிர்களுக்கு அது நல்லதா என்பது தனிக் கேள்வி. நல்லதல்ல என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் கால்வாய் தன் நீரைக் கொண்டுவந்து கொட்டுவது முழங்கால் ஆழத்தில், பிள்ளைகள் விளையாடும் அலைக்கரையில். அங்கே நீர்த்துப்போக இடமும் இல்லை, நேரமும் இல்லை. கழிவுக்குழாய் இணைப்பில்லாத கால்வாயோரத் தோட்டக் குடியிருப்புகளின் மலசலகூட நீர், மழைநீர் வடிகாலோடு முறைகேடாக இணைக்கப்பட்ட வீட்டு, கடைக் குழாய்கள், நிரம்பி வழியும் மலக்குழிகள், சந்தைக் கழிவு, மாட்டுச் சாணம் எல்லாம் சேருவது இந்தக் கால்வாய்களில்தான். மின்சாரம் நின்று பம்பி ஓயும்போது கழிவுநீர் தேடும் தாழ்வான வழியும் அருகிலுள்ள வடிகாலே.

இதோடு நகர வெள்ளக் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 2010 வெள்ளம் பாராளுமன்ற வளாகத்தையே மூழ்கடித்தது. அதன் பின்னர், 2012இல், உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுடன் கொழும்பு மாநகர நகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய்களைச் சீர்படுத்தி மழைநீரை விரைவாகக் கடலில் சேர்ப்பது அதன் முக்கியமான பணிகளில் ஒன்று. வீடுகளைக் காக்க இது தேவை. ஆனால் வீதிகளிலும் வடிகால்களிலும் நாட்கணக்கில் தேங்கிய அழுக்கு, முதல் பெருமழையோடு சில மணி நேரத்தில் கரையை அடைவதற்கும் அதே சீர்திருத்தம் வழிசெய்கிறது. வறண்ட நாட்களில் கால்வாய் வாயை மணல்திட்டு அடைத்துவிடுகிறது. மழை வரும்போது அது உடைந்தோ வெட்டப்பட்டோ உள்ளே தேங்கியதெல்லாம் ஒரேயடியாக வெளியேறுகிறது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நாளுக்கு இருமுறை கரையைக் கழுவிச் செல்லும் பெரிய வற்றுப்பெருக்கின் துணையும் நமக்கு இல்லை.

3. தர எண்களின் பிறப்பு

கடல் நீரில் நோயுண்டாக்கும் கிருமிகள் பலவகை. அவை ஒவ்வொன்றையும் தேடுவது எளிதல்ல. அதனால் மனித, விலங்கு மலத்தோடு பெருமளவில் வெளியேறும் சில பாக்டீரியாக்களை அடையாளமாகக் கொண்டு எண்ணுகிறார்கள். உப்பு நீரில் குடல் என்டரோகொக்கை, நன்னீரில் ஈ. கோலி என்பது பொது வழக்கு. இந்த அடையாளத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நெடிய சர்ச்சையின் ஊடாக உறுதிப்பட்டது. பிரித்தானியாவில் 1959இல் வெளிவந்த மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் அறிக்கை, கண்ணுக்கே அருவருப்பான அளவுக்கு அசுத்தமான நீரைத் தவிர மற்றபடி கடற்குளிப்பால் வரும் ஆபத்து அற்பமானது என்று முடிவுகட்டியது. பல ஆண்டுகள் கொள்கையை வழிநடத்தியது அந்த முடிவே. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்துக்காக கபெல்லி நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வு, என்டரோகொக்கை எண்ணிக்கையோடு குளிப்போரின் வயிற்று நோயும் ஏறுவதைக் காட்டியது. டேவிட் கேயும் சகாக்களும் 1994இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. வயதுவந்த தன்னார்வலர்களைக் குளிப்போர், குளிக்காதோர் எனக் குலுக்கல் முறையில் பிரித்து, குளித்தவர் நின்ற இடத்து நீரையே அளந்தார்கள். 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 32 என்ற எண்ணிக்கையைத் தாண்டியதும் நோய் கூடத் தொடங்கியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2003 வழிகாட்டிக்கு அடித்தளம் இந்த ஆய்வுகளே. ஒரு கரையில் எடுக்கப்படும் மாதிரிகளில் நூற்றுக்கு 95 எந்த அளவுக்குள் அடங்குகின்றன என்பதை வைத்து அது கரைகளை நான்காக வகுத்தது: 100 மில்லிலீற்றரில் 40 வரை, 41 முதல் 200 வரை, 201 முதல் 500 வரை, 500க்கு மேல். முதல் வகையில் ஒருமுறை குளிப்பவருக்கு வயிற்று நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கடைசி வகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 குளிநீர்ப் பணிப்புரையும் இதே தர்க்கத்தில் அமைந்தது.

இந்த எண்களைக் கொழும்புக்கு எடுத்துவரும்போது அவற்றின் எல்லைகளும் கூடவே வருகின்றன. கேயின் ஆய்வில் குளித்தவர்கள் உடல்நலமுள்ள வயதுவந்தோர். வெள்ளவத்தையிலும் காக்கைத்தீவிலும் நீரில் நெடுநேரம் கிடந்து, அதை அதிகம் விழுங்குபவர்கள் பிள்ளைகள். ஆகவே அந்த எல்லை எண் நமக்குப் போதிய பாதுகாப்பைத் தருவதாகக் கொள்ள முடியாது. ஐரோப்பியக் கணக்கு இன்னொன்றையும் இயல்பாக எடுத்துக்கொள்கிறது: குளிக்கும் பருவம் என்பது கோடை. கொழும்பில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் குளிப்போர் குறைவு. கடல் அடங்கி மக்கள் இறங்கும் காலத்தின் இரு முனைகளிலும் இடைப்பருவ மழை நிற்கிறது. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பின் கடும் மழை. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கரை நிறையும் நாட்களே கால்வாய்கள் திடீரெனப் பெருகும் நாட்களாகவும் இருக்கக்கூடும். குளிக்கும் பருவத்தையும் மழைப் பருவத்தையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிடும் முறை இங்கே பொருந்தாது.

4. சராசரி ஏன் போதாது

மாதம் ஒருமுறை, அலுவலக நேரத்தில், ஒரே இடத்தில் எடுக்கப்படும் மாதிரி எதைச் சொல்லும்? சூரிய ஒளி இந்தப் பாக்டீரியாக்களை விரைவாகக் கொல்லும். ஆகவே விடியற்காலை நீரும் நண்பகல் நீரும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் கரையில் போமும் சகாக்களும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்த்தபோது (2002இல் வெளியானது), எண்ணிக்கை குறுகிய நேரத்தில் பெரிதாக ஏறியிறங்குவதும், ஒற்றை மாதிரியை நம்பிக் கரையைத் திறப்பதோ மூடுவதோ அடிக்கடி பிழையாவதும் தெரியவந்தது. அதோடு, வழமையான முறையில் வடிகட்டிய மாதிரியை ஏறத்தாழ ஒரு நாள் அடைகாக்க வைத்தே அதில் வளரும் பாக்டீரியாத் திரள்களை எண்ண முடியும். முடிவு கைக்கு வரும்போது அது நேற்றைய கடலைப் பற்றியது. நேற்று மழை பெய்து இன்று வெயில் என்றால் தேவையில்லாமல் கரையை மூடுவோம். நேற்று வெயில், இரவில் மழை என்றால் ஆபத்தான நீரைத் திறந்துவைப்போம்.

இடமும் நேரத்தைப் போலவே முக்கியம் என்பதற்கு நமது நிலைமைக்கு மிக நெருங்கிய சான்று சாந்தா மோனிகா விரிகுடாவிலிருந்து கிடைக்கிறது. மழைநீர் வடிகால்கள் நேரே கரையில் விழும் அந்த இடத்தில் ஹெய்லியும் சகாக்களும் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. வடிகால் வாய்க்கு முன்னால் குளித்தவர்களுக்குக் காய்ச்சல், வாந்தி, காது, சுவாச நோய்கள் போன்றவை, 400 யாருக்கு அப்பால் குளித்தவர்களைவிட அதிகமாக வந்தன. வெள்ளவத்தையின் வடக்கு, தெற்கு முனைகளில் இருப்பவை இத்தகைய வாய்களே. முழுக் கரைக்கும் ஒரே தரக் குறியீடு கொடுத்தால், வாயருகே குளிப்பவருக்குப் பொய்யான நிம்மதியும் நடுக்கரையில் குளிப்பவருக்குத் தேவையற்ற அச்சமும் போய்ச் சேரும். வடக்கின் கதை வேறு. காக்கைத்தீவில் கரையை ஆள்வது 145 கிலோமீற்றர் நீளமான களனி கங்கை. அதன் கரைகளில் பியகம போன்ற கைத்தொழில் வலயங்கள் உண்டு. அங்கே மலக்கிருமி எண்ணிக்கையோடு இரசாயனச் சோதனையும் வேண்டும். கொழும்பில் பெய்யாத மழை மலைநாட்டில் பெய்து ஆற்றைப் பெருக்கியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே நகரின் இரு கரைகளுக்கு ஒரே கண்காணிப்பு அட்டவணை பொருந்தாது.

5. எத்தகைய கண்காணிப்பு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று அடுக்குள்ள ஓர் ஏற்பாடு தானாகவே உருவாகிறது. முதலாவது, மழையை வைத்து அன்றாடம் தீர்மானிப்பது. லொஸ் ஏஞ்சலிஸ் பெருமழைக்குப் பின் மூன்று நாட்கள் கடலில் இறங்க வேண்டாம் என்று அறிவிக்கிறது. ஹொங்கொங்கும் இத்தகைய அறிவுரை தருகிறது. ஸ்கொத்லாந்து மழை, ஆற்றுநீர் அளவுகளிலிருந்து நாளாந்தம் கணித்து மின்பலகையில் காட்டுகிறது. கொழும்பின் மழையளவு வளிமண்டலவியல் திணைக்களத்திடம் உண்டு. கால்வாய் நீர்மட்டம் வெள்ளத் தடுப்புக்காக எப்படியும் கவனிக்கப்படுகிறது. வெள்ளத்துக்காகச் சேரும் தரவைக் குளிப்போரின் பாதுகாப்புக்கும் பயன்படுத்துவதே முதல் படி. எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு எத்தனை நாள் எச்சரிக்கை என்பதை வேற்றூர் எண்ணை இரவல் வாங்கித் தீர்மானிக்கக்கூடாது. அது நம் கரையிலேயே கண்டறியப்பட வேண்டும்.

இரண்டாவது அடுக்கு அதற்கானது. வாரம் ஒருமுறை, விடிகாலையில், கால்வாய் வாயிலும் அதிலிருந்து படிப்படியாக விலகிய இடங்களிலும் மாதிரி எடுக்க வேண்டும். பெருமழைக்குப் பின் தொடர்ந்து சில நாட்கள் எடுக்க வேண்டும். இவை அன்றைய முடிவுக்காக எடுக்கப்படுபவை அல்ல. மழை விதி சரியா என்பதைச் சோதித்துத் திருத்துவதே இவற்றின் வேலை. மூன்றாவது, ஊற்றுக்கண்ணைத் தேடுவது. கரையில் எண்ணிக்கை ஏறினால் கால்வாய் வழியே மேலேறி எந்த வடிகால், எந்த முறைகேடான இணைப்பு என்று கண்டுபிடித்து மாநகர சபைக்கு அறிவிக்க வேண்டும். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் கண்காணிப்பு நோயை மட்டும் பதிவுசெய்யும் வேலையாகிவிடும்.

இதற்குச் சட்டமும் நிறுவனமும் நம்மிடம் குறைவில்லை. தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். கரையோரம் பேணல் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். கடல் மாசடைதலைத் தடுக்கும் சட்டம் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கம். மத்திய சுற்றாடல் அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, காக்கைத்தீவிலேயே அமைந்த நாரா என்ற நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், கால்வாய்களுக்குப் பொறுப்பான காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், கழிவுக்குழாய்களுக்குப் பொறுப்பான கொழும்பு மாநகர சபை என ஒவ்வொன்றின் கையிலும் இந்த நீரின் ஒரு துண்டு இருக்கிறது. கரையில் ஒரு பலகையை நட்டு, இன்று இறங்க வேண்டாம் என்று எழுதும் கடமை இவற்றில் யாருடையது என்பது மட்டும் பொதுமக்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மே 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, கரையை நாளாந்தம் கவனித்து மக்களுக்கு அறிவிக்கும் ஆற்றல் இந்நிறுவனங்களுக்கு உண்டு என்பது தெரிந்தது. பேரிடர் நாளில் திரளும் அந்த ஒருங்கிணைப்பைச் சாதாரண மழை நாளின் வழக்கமாக்குவதே தேவை. அறிவிக்கும் பொறுப்பை மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களத்திடம் ஒப்படைத்து, மற்றவை அதற்குத் தரவு தரும்படி செய்வதே நடைமுறைக்கு உகந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மூலம் தெருவை அடையும் நிறுவனம் அதுதான்.

6. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு அறிவியல் சார்ந்தது. வெப்பமண்டலத்தில் ஈ. கோலியும் என்டரோகொக்கையும் மண்ணிலேயே வாழ்ந்து பெருகக்கூடும். ஹவாயில் புஜியோகாவும் சகாக்களும் இதைக் காட்டினார்கள். மழை மண்ணைக் கழுவிவரும்போது மலக் கலப்பு இல்லாமலே எண்ணிக்கை ஏறலாம். இது உண்மையான சிக்கல். குளிர்நாட்டு எல்லை எண்களை அப்படியே சட்டமாக்கக் கூடாது என்பதற்கு இது வலுவான காரணம். ஆனால் ஹவாய் இதனால் அளப்பதைக் கைவிடவில்லை. சுற்றுச்சூழலில் எளிதில் பெருகாத குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற இரண்டாவது அடையாளக் கிருமியைச் சேர்த்துக்கொண்டது. மேலும், மண்கிருமி வாதம் ஆற்றங்காடு சூழ்ந்த தீவுக் கரைக்குப் பொருந்தும் அளவுக்கு, மலசலகூட நீர் கலப்பது வெளிப்படையான நகரக் கால்வாய்க்குப் பொருந்தாது. ஐயம் அளவீட்டைச் செம்மைப்படுத்த வேண்டும். அளவீட்டையே தவிர்க்க உதவக்கூடாது.

இரண்டாவது மறுப்பு, இங்கே வளர்ந்தவர்களுக்கு இந்த நீர் பழகிவிட்டது என்பது. இதில் முழுப் பொய் இல்லை. கபெல்லியின் அலெக்சாந்திரியா ஆய்வில், உள்ளூர்க்காரரைவிட கெய்ரோவிலிருந்து வந்த விடுமுறைக்காரரே அதிகம் நோயுற்றார்கள். ஆனால் உடலின் இந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் மீண்டும் மீண்டும் வயிற்றோட்டம் கண்டுதான் அது வந்தது. அந்த விலையை ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது, செலவு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய நாட்டில் புதிய திட்டத்துக்குப் பணம் ஏது என்று கேட்பது நியாயம். மேலே சொன்ன ஏற்பாட்டின் முதல் அடுக்கு ஆய்வுகூடமே கேட்பதில்லை. மழைக் கணக்கும் ஒரு பலகையும் ஒரு கொடியும் போதும். மிகக் குறைந்த செலவில் மிக அதிகமான நோயைத் தவிர்க்கும் அடுக்கு அதுவே என்பதால், வசதியில்லாத நகரத்துக்கே அது முதலில் உரியது. நான்காவது, எச்சரிக்கைப் பலகை கரையோர வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற அச்சம். எச்சரிக்கை இல்லாத கரையில் எல்லா நாளும் சந்தேக நாளே. இன்று வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிர்வாகம் மட்டுமே, இன்று தாராளமாக இறங்கலாம் என்றும் நம்பும்படி சொல்ல முடியும்.

கடைசி மறுப்பே மிகக் கனமானது: அளப்பதை விட்டு முதலில் குழாய்களைத் திருத்துங்கள். திருத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாரிஸைப் பாருங்கள். 1923இல் சென் ஆற்றில் குளிக்கத் தடை வந்தது. ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவில் தேக்கத் தொட்டிகளும் குழாய்களும் அமைத்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2025 ஜூலையில் பொதுமக்களுக்காகத் திறந்தார்கள். 2024 ஒலிம்பிக்கில் மழை காரணமாகப் போட்டி ஒத்திவைக்கப்பட்டது; 2025இலும் மழைக்குப் பின் குளியிடங்கள் மூடப்பட்டன. இவ்வளவு செலவிட்ட நகரத்துக்கே நாளாந்தக் கண்காணிப்பு இன்றியமையாதது என்றால், திருத்தம் பல ஆண்டு தள்ளியிருக்கும் நகரத்துக்கு அது எவ்வளவு அவசியம்! அதோடு, எந்த இணைப்பை முதலில் திருத்துவது என்பதைக் காட்டுவதும், திருத்தம் பலித்ததா என்பதைச் சொல்வதும் அளவீடுதான்.

7. முடிவு

நீரின் தரத்தைக் கண்காணிப்பதைச் சுற்றாடல் அறிக்கையின் ஓர் அத்தியாயமாக மட்டும் பார்க்கும் வரை, வெள்ளவத்தைக் கரையில் இறங்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. மழையிலிருந்து தொடங்கி, கால்வாய் வாயிலிருந்து தூரத்தை அளந்து, அன்றைக்கே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கரையில் சொல்லப்படும்போதுதான் அது பொதுச் சுகாதாரப் பணியாகிறது. இதற்காக மக்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், பொது அதிகார சபைகளிடமுள்ள தரவைக் கேட்டுப்பெறும் வழியை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளும் நீச்சல் கழகங்களும் மீனவர் சங்கங்களும் இதுவரை எடுக்கப்பட்ட கரையோர நீர் மாதிரிகளின் முடிவுகளைத் தேதியோடும் இடத்தோடும் மழையளவோடும் கேட்கலாம். அந்தத் தரவு பொதுவெளிக்கு வந்தால் மழை விதிக்கான முதல் வரைவை அதிலிருந்தே எழுதலாம். கேட்டும் தரவு கிடைக்காவிட்டால், எங்கே, எப்போது அளக்கத் தொடங்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெளிவாகும். இரண்டில் எது நேர்ந்தாலும், குளிப்பவரின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை யாருடையது என்பதை அதன் பின் மறைத்துவைக்க முடியாது.